சுவிஸில் உடுப்பும் சப்பாத்தும் வாங்குவது எப்படி: புதிதாக வந்தவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சுவிஸுக்கு வந்த முதல் வாரத்தில் சப்பாத்தைத் தவிர வேறு எதையும் வாங்காதீர்கள். வந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் குளிருக்குப் பயந்து முதல் சனிக்கிழமையே கடைக்கு ஓடி, முழு விலையில் ஒரு தடித்த ஜக்கெட்டை வாங்கிவிட்டு, காலில் மட்டும் விமானத்தில் போட்டு வந்த துணிச் சப்பாத்தோடு நவம்பர் மழையில் நடப்பதைப் பல வருடமாகப் பார்க்கிறேன். ஜக்கெட்டை யாரிடமாவது இரவல் வாங்கலாம், இரண்டாம் கையாகவும் வாங்கலாம், உள்ளே இரண்டு ஸ்வெட்டர் போட்டுச் சமாளிக்கலாம். நனைந்த காலோடு ட்ராம் நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றால் சமாளிக்க ஒரு வழியும் இல்லை. அதனால் இந்த வழிகாட்டி காலிலிருந்துதான் தொடங்குகிறது.

படி 1: காலை அளந்து கொள்ளுங்கள்

எங்கள் ஆட்கள் பலருக்குத் தங்கள் சப்பாத்து அளவு தெரியாது, தெரிந்தாலும் அது ஊரில் வாங்கிய செருப்பின் அளவு. செருப்பில் விரல் வெளியே நின்றாலும் நடக்கலாம். மூடிய குளிர்காலச் சப்பாத்தில் அது நடக்காது.

பின்னேரத்தில் அளந்து பாருங்கள், ஏனென்றால் பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஒரு தாளைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, குதிக்காலைச் சுவரில் முட்ட வைத்து, முழு எடையும் காலில் விழும்படி நின்று, மிக நீளமான விரலின் நுனியில் கோடு போடச் சொல்லுங்கள். எல்லோருக்கும் பெருவிரல்தான் நீளம் என்றில்லை, சிலருக்கு இரண்டாவது விரல் நீளமாக இருக்கும். இரண்டு காலையும் அளக்க வேண்டும். எது பெரிதோ அதுதான் உங்கள் அளவு.

அப்புறம் கணக்கு. ஐரோப்பிய சப்பாத்து அளவில் ஒரு எண் என்பது ஒரு சென்டிமீட்டரின் மூன்றில் இரண்டு பங்கு. அதாவது உள்நீளத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து ஒன்றரையால் பெருக்கினால் எண் வந்துவிடும். பெரியவர்களுக்குக் கால் நீளத்தோடு ஒரு சென்டிமீட்டர் இடம் கூட்ட வேண்டும். என் அம்மாவின் கால் 23.6 சென்டிமீட்டர். ஒன்று கூட்டினால் 24.6, ஒன்றரையால் பெருக்கினால் 36.9, ஆகவே 37.

ஆனால் அம்மாவுக்கு 37 சரிவரவில்லை, 38, 39 கூடச் சரிவரவில்லை. காரணம் நீளத்தில் இல்லை, அகலத்தில் இருந்தது. வாழ்நாள் முழுக்க வெறுங்காலோடும் செருப்போடும் நடந்த காலின் முன்பக்கம் விரிந்து, விரல்கள் ஒன்றுக்கொன்று இடம் விட்டு நிற்கும். இங்கே சாதாரணமாக விற்கும் பெண்கள் சப்பாத்து அந்தக் காலுக்குச் செய்யப்பட்டதல்ல. கடையில் அம்மா ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, "நீளம் காணும், ஆனா சுண்டுவிரலைக் கடிக்குது" என்று திரும்பத் திரும்பச் சொல்ல, நான் அடுத்த எண், அடுத்த எண் என்று எடுத்து நீட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் விற்பனையாளப் பெண்ணே வந்து முழங்காலில் இருந்து, அம்மாவின் காலை வெறும் கையால் பிடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே போய் வேறொரு பெட்டி கொண்டுவந்தார். அதே 37தான், பெட்டியின் ஓரத்தில் மட்டும் ஹெச் என்று ஓர் எழுத்து. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் சப்பாத்துகளில் ஜி என்றால் சாதாரண அகலம், ஹெச் அகலமானது, கே இன்னும் அகலம். எல்லா நிறுவனமும் இந்த எழுத்தைப் போடுவதில்லை, ஆனால் கேட்டால் எடுத்துத் தருவார்கள். அகலம் என்பதற்கு ஜெர்மனில் 'வைட்டெ'. இந்த ஒரு சொல்லைத் தெரிந்து கொண்டு போங்கள். வயதான அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். எண்ணைக் கூட்டி அகலத்தைப் பிடிக்கப் போனால் குதிக்கால் வழுக்கும், பனிக்கட்டி படிந்த படியில் அது ஆபத்து.

இந்த அளவுத் தொல்லை இந்த நாட்டுக்குப் புதிதல்ல. சொலோத்தூர்ன் மாநிலத்துச் சோனன்வேர்டில் 1851இல் சப்பாத்துத் தொழிற்சாலை தொடங்கிய கார்ல் ஃப்ரான்ஸ் பல்லி பற்றி ஒரு கதை சொல்வார்கள். பாரிசுக்குப் போனவர் மனைவிக்குச் சப்பாத்து வாங்க நினைத்தாராம், அளவு தெரியாததால் பல ஜோடிகளை அள்ளிக்கொண்டு வந்தாராம், அதிலிருந்துதான் தொழிலே பிறந்ததாம். கதை எவ்வளவு உண்மையோ, அவர் தொடங்கிய பல்லி இன்று உலகப் பெயர்.

படி 2: எந்தச் சப்பாத்து

முதல் குளிர்காலத்துக்கு ஒரே ஒரு நல்ல ஜோடி போதும். கணுக்காலை மூடும் உயரம், தண்ணீர் உள்ளே போகாத உடல், ஆழமான வெட்டுகள் உள்ள ரப்பர் அடி. இதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அட்டையில் 'வாசர்டிக்ட்' என்று இருந்தால் தண்ணீர் புகாது என்று பொருள். 'வாசர்அப்வைசண்ட்' என்று இருந்தால் தண்ணீரைக் கொஞ்ச நேரம் உருட்டித் தள்ளும், அவ்வளவுதான். இரண்டாவது சொல் எழுதியதை வாங்கிக்கொண்டு போய் உருகும் பனிச் சேற்றில் நின்றால் அரை மணி நேரத்தில் சொக்ஸ் நனைந்துவிடும். ஜக்கெட்டுக்கும் இதே இரண்டு சொற்கள்தான்.

சப்பாத்தின் அடியிலோ பெட்டியிலோ சின்னப் படங்கள் இருக்கும். விரித்த தோல் போன்ற படம் என்றால் உண்மையான தோல், அதற்குள் ஒரு சின்ன வைரக் கட்டம் இருந்தால் மேலே பூச்சுப் பூசிய தோல், வலை போல இருந்தால் துணி, வைரக் கட்டம் மட்டும் இருந்தால் ரப்பர், பிளாஸ்டிக் மாதிரி வேறு பொருள். மேற்பகுதி, உள்பகுதி, அடி என்று மூன்றுக்கும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். விலையைப் பார்க்க முன் இதைப் பாருங்கள்.

அடி எப்படிப் பிடித்திருக்கிறது என்பதும் முக்கியம். தைத்த அடி என்றால் தேய்ந்த பிறகு மாற்றலாம். வெறுமனே ஒட்டியது என்றால் பெரும்பாலும் மாற்றுவதற்கு ஆகும் காசு புதுச் சப்பாத்து விலையை நெருங்கிவிடும்.

2010இல் சூரிச்சில் தொடங்கிய ஒன் நிறுவனத்தின், அடியில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஓட்டச் சப்பாத்துகளை ட்ராமில் பாதிப் பேரின் காலில் பார்ப்பீர்கள். ரோஜர் ஃபெடரரும் 2019இல் அதில் முதலீடு செய்தார். நடக்க நல்ல சப்பாத்து, ஆனால் அடியின் இடுக்குகளில் சிறு கற்கள் சிக்கும், சாதாரண மாதிரிகள் பனிக்கு ஆனவையல்ல. அதை மார்ச் மாதத்துக்கு வைத்துக் கொள்ளுங்கள்.

படி 3: உடுப்பின் எண்கள்

இங்கே சுருக்கமாக. பெண்கள் உடுப்பில் ஜெர்மன் 38 என்பது பிரெஞ்சு 40, இத்தாலிய 44. சுவிஸில் மூன்று நாட்டுப் பொருளும் ஒரே தெருவில் தொங்கும், ஆகவே எண்ணை நம்பாமல் போட்டுப் பாருங்கள். ஆண்கள் சட்டையில் கழுத்துச் சுற்றளவு சென்டிமீட்டரில் இருக்கும், ஜீன்ஸில் இடுப்பும் கால் நீளமும் அங்குலத்தில். எங்களில் பலருக்கு இடுப்பு சரியாக வந்தால் கால் நீளம் மிஞ்சும். தைத்துக் கொடுக்கும் கடையில் கொடுத்தால் கூலி கூடுதல், ஆகவே முதலிலேயே நீளம் 30 அல்லது 28 இருக்கிறதா என்று கேளுங்கள். மடித்துத் தைக்கத் தெரிந்த ஒரு சித்தியோ அக்காவோ பக்கத்தில் இருந்தால் அது பெரிய செல்வம்.

படி 4: பிள்ளைகளுக்கு

இதுதான் காசு கரையும் இடம், அதே நேரம் மிச்சம் பிடிக்க நல்ல இடமும்.

பிள்ளைகளின் உடுப்பு எண் என்பது உயரம், சென்டிமீட்டரில். 104, 110, 116 என்று ஆறு ஆறாகக் கூடும். பிள்ளையின் வயதைச் சொல்லிக் கேட்காதீர்கள், சுவரில் நிறுத்தி அளந்துவிட்டுப் போங்கள்.

கிண்டர்கார்ட்டன் தொடங்க முன் ஒரு கடிதம் வரும். அதில் 'ஃபிங்கன்' என்று ஒரு சொல் இருக்கும், எங்கள் வீட்டில் முதல் வருடம் யாருக்கும் புரியவில்லை. உள்ளே போடும் மென்மையான வீட்டுச் சப்பாத்துதான் அது. வெளிச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு அதைத்தான் பகல் முழுக்கப் போடுவார்கள். அப்புறம் மழைக் காற்சட்டை, ரப்பர் பூட்ஸ், பனிக்காலத்துக்குப் பனிக் காற்சட்டை, இரண்டு ஜோடி கையுறை. காட்டு நாள் என்று ஒன்று உண்டு, மழை பெய்தாலும் பிள்ளைகளை மரங்களுக்கு நடுவே கூட்டிப் போவார்கள், சேறோடு திரும்பி வரும். இதெல்லாம் இல்லாமல் போகும் பிள்ளை ஒதுங்கி நிற்கும், அதைப் பார்க்க மனம் கேட்காது, ஆகவே பட்டியலில் உள்ளதைச் சரியாக வாங்குங்கள். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். ஒரே கடையில் வாங்கிய ஒரே நீலக் காற்சட்டை அந்த வகுப்பில் ஏழு இருக்கும்.

ஆனால் இதில் எதையும் புதிதாக வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஊர் மண்டபங்களிலும் தேவாலய மண்டபங்களிலும் 'கிண்டர்க்ளைடர்பெர்சே' நடக்கும், பிள்ளைகளின் பழைய உடுப்புச் சந்தை. பனிக் காற்சட்டை ஒரு குளிர்காலம் மட்டும் போட்டது, கழுவி மடித்து, பத்துப் பதினைந்து பிராங்குக்குக் கிடைக்கும். கதவு திறக்க அரை மணி முன்பே வரிசையில் நில்லுங்கள், நல்லவை முதல் இருபது நிமிடத்தில் போய்விடும். பாடசாலை பனிச்சறுக்கு முகாமுக்குத் தேவையான பலகையும் பூட்ஸும் வாங்காதீர்கள், விளையாட்டுக் கடைகளில் குளிர்காலம் முழுவதற்கும் வாடகைக்குத் தருவார்கள். பிள்ளை அடுத்த வருடம் வளர்ந்துவிடும்.

சப்பாத்து மட்டும் வேறு கணக்கு. பிள்ளையின் கால் எலும்பு இன்னும் மென்மை, சிறிய சப்பாத்துக்குள்ளும் கால் மடங்கி இருந்துகொள்ளும், "கடிக்குதா" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்லும். பெருவிரலை மேலிருந்து அழுத்திப் பார்ப்பதும் பயனில்லை, அழுத்தும்போது பிள்ளை விரலை உள்ளே இழுத்துவிடும். சரியான வழி: சப்பாத்தின் உள்ளே இருக்கும் அட்டைப் பாதத்தை வெளியே எடுத்து, தரையில் வைத்து, அதன் மேல் பிள்ளையை நிற்க வையுங்கள். விரலுக்கும் விளிம்புக்கும் நடுவே 12 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், என் பெருவிரல் நகத்தின் அகலத்தைவிடச் சிறிது குறைவு. உள்பாதம் கழராவிட்டால் காலை அட்டையில் வரைந்து, முன்னால் 12 மில்லிமீட்டர் கூட்டி, இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு நீளத் துண்டாக வெட்டிக் கடைக்குக் கொண்டு போங்கள். அந்தத் துண்டு மடங்காமல் உள்ளே போனால் அது பிள்ளையின் சப்பாத்து, பெட்டியில் என்ன எண் இருந்தாலும் சரி. சின்னப் பிள்ளைக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். வேறு பிள்ளை நாள்தோறும் போட்டுத் தேய்த்த சப்பாத்தை வாங்க வேண்டாம், அதன் உள்பாதம் அந்தப் பிள்ளையின் காலுக்குப் படிந்திருக்கும். ரப்பர் பூட்ஸ் என்றால் பரவாயில்லை.

படி 5: எங்கே, எப்போது

சப்பாத்துக்கு மலிவு விலையில் தொடங்க டோசன்பாக். அது ஜெர்மனியின் டைக்மன் குடும்பத்துடையது. உடுப்புக்கு சி அண்ட் ஏ, ஹெச் அண்ட் எம், விலையில் கொஞ்சம் மேலே மனோர். விற்பனைக்கு நிற்கிறவர்களிடம் கேட்கத் தயங்காதீர்கள். இந்த நாட்டில் கடையில் விற்பதும் மூன்று வருடம் பயின்று சான்றிதழ் வாங்கும் தொழில், எங்கள் பிள்ளைகளும் பலர் அதைப் படித்திருக்கிறார்கள். நீங்கள் கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள்.

நேரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வார நாளில் பல ஊர்களில் மாலை ஆறரை, ஏழுக்கே மூடிவிடுவார்கள், வாரத்தில் ஒருநாள் மட்டும், அநேகமாக வியாழன், இரவு வரை திறந்திருக்கும். சனிக்கிழமை இன்னும் நேரத்தோடு மூடுவார்கள். ஞாயிறு மூடல். பெரிய ரயில் நிலையத்துக் கடைகளும் விமான நிலையமும் பெரும்பாலும் ஞாயிறும் திறந்திருக்கும், பிள்ளை ஞாயிறு மாலை கையுறையைத் தொலைத்துவிட்டு வந்தால் அங்கேதான் ஓட வேண்டும். வருடத்தில் அதிகபட்சம் நான்கு ஞாயிறுகளில் கடை திறக்க மாநிலங்கள் அனுமதிக்கலாம், பெரும்பாலும் நத்தாருக்கு முந்தியவை.

கழிவு விற்பனை வருடத்தில் இரண்டு தடவை. நத்தார் முடிந்ததும் தொடங்கி ஜனவரி முழுக்க ஒன்று, ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை இன்னொன்று. நல்ல ஜக்கெட் வாங்க வேண்டும் என்றால் முதல் குளிர்காலத்தை இரவலில் ஓட்டிவிட்டு ஜனவரியில் பாதி விலைக்கு வாங்குங்கள். பொதுவான அளவுகள் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும், எங்கள் ஆட்களுக்கு வேண்டிய சிறிய அளவுகள் பலவேளை கடைசி வரை இருக்கும்.

இரண்டாம் கைப் பொருளுக்கு 'ப்ரொக்கன்ஹவுஸ்', செல்லமாக ப்ரொக்கி. 'ப்ரொக்கன்' என்றால் துணுக்குகள். அப்பம் பகிர்ந்த கதையில் மீதியான துணிக்கைகளைச் சேர்த்து வையுங்கள் என்று இயேசு சொன்ன வரியிலிருந்து வந்த பெயர். கம்பளிக் கோட்டுகளை இங்கே தேடுங்கள், பழைய கம்பளி புதியதைவிடத் தடிப்பாக இருக்கும். வருமானம் குறைவு என்றால் கரித்தாஸ் தொண்டு நிறுவனம் நடத்தும் கடைகளையும், வருமானம் குறைந்தவர்களுக்குக் கழிவு தரும் 'குல்டூர்லெகி' அட்டையையும் பற்றி உங்கள் ஊர்ச் சமூக அலுவலகத்தில் கேளுங்கள். கேட்பதில் ஒரு வெட்கமும் வேண்டாம், தேவை இருக்கிறவர்களுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

படி 6: எல்லை தாண்டி வாங்குவது

கொன்ஸ்டான்ஸ், வைல் அம் ரைன் என்று சனிக்கிழமை எல்லோரும் ஜெர்மனிக்குப் போவார்கள். கணக்கைச் சரியாகத் தெரிந்து கொள்ளுங்கள். 2025 ஜனவரி 1 முதல் ஒருவர் ஒரு நாளைக்கு 150 பிராங்க் வரைதான் வரியில்லாமல் கொண்டுவரலாம், அதற்கு முன் 300 ஆக இருந்தது. 150ஐத் தாண்டினால் மேலதிகத் தொகைக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் சுவிஸ் வரி கட்ட வேண்டும், அது உடுப்புக்கு 8.1 விழுக்காடு. பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 150 உண்டு, ஆகவே நான்கு பேர் குடும்பத்துக்கு 600. ஆனால் 200 பிராங்க் கோட் ஒன்றை இரண்டு பேர் பெயரில் பிரிக்க முடியாது. உடுப்புக்கும் சப்பாத்துக்கும் சுங்கத் தீர்வை 2024 முதல் இல்லை, மிஞ்சியிருப்பது இந்த வரி மட்டும். சுங்கத்துறையின் 'குயிக்சோல்' செயலியில் எல்லைக்கு வர முன்பே கட்டிவிடலாம்.

ஜெர்மனியின் 19 விழுக்காடு வரியைத் திரும்பப் பெற ஒரு பில்லில் 50 யூரோவுக்கு மேல் இருக்க வேண்டும். கடையில் ஏற்றுமதித் தாளை, 'அவுஸ்ஃபூர்ஷைன்' என்பார்கள், கேட்டு வாங்கி, ஜெர்மன் சுங்கத்தில் முத்திரை குத்தி, அடுத்த முறை அதே கடையில் கொடுத்தால் காசு கிடைக்கும். சுவிஸ் வதிவிட அட்டையை எடுத்துப் போக மறக்காதீர்கள். ரயில் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தால், ஒரு ஜோடி சப்பாத்துக்காக மட்டும் போவது எனக்குக் கட்டுப்படியாகவில்லை. குடும்பமாகப் போய்க் குளிர்காலத்துக்குத் தேவையானதை ஒரே நாளில் வாங்கினால் சரி.

படி 7: திருப்பிக் கொடுப்பது, பில், கடன்

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். ஓர் இணையக் கடையில் 180 பிராங்குக்குப் பூட்ஸ் வாங்கினேன், கெண்டைக்காலில் ஏறவே இல்லை, திருப்பி எடுக்க மாட்டோம் என்று எழுதிவிட்டார்கள். ஜெர்மனியில் இருக்கும் அண்ணா "பதினாலு நாள் உரிமை இருக்கே" என்றார். இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில். சுவிஸ் அந்த ஒன்றியத்தில் இல்லை, இங்கே இணையத்தில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் சட்ட உரிமை கிடையாது. பதினான்கு நாள் என்பது தொலைபேசியிலும் வீட்டு வாசலிலும் விற்றதற்கு மட்டும். பெரிய கடைகள் தாங்களாகவே திருப்பி எடுக்கின்றன, அது அவர்கள் வைத்த நிபந்தனை. ஆகவே காசு கட்ட முன் அந்த நிபந்தனையைத் திறந்து படியுங்கள், இரண்டு சொல்லைத் தேடுங்கள்: 'ரூக்காபெ' என்றால் பெரும்பாலும் காசு திரும்பும், 'உம்டவுஷ்' என்றால் வேறு பொருள்தான் மாற்றித் தருவார்கள்.

'குட்ஷைன்' என்று கடைச் சீட்டுக் கொடுத்தால் கெதியாகச் செலவழியுங்கள். நாடு முழுக்க இருந்த சார்ல்ஸ் ஃபோகெலே கடைகள் 2016இல் இத்தாலிய ஓவிஎஸ் நிறுவனம் தலைமை தாங்கிய குழுவின் கைக்குப் போய் 2018இல் மூடப்பட்டன, எஸ்பிரியின் சுவிஸ் நிறுவனம் 2024இல் திவாலானது. மூடிய கடையின் சீட்டு வெறும் தாள்.

பழுது வேறு விஷயம். புதுப் பொருளில் குறை இருந்தால் வாங்கிய நாளிலிருந்து இரண்டு வருடம் வரை கேட்கச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் குறையைக் கண்டவுடன் சொல்ல வேண்டும், கடை அந்தப் பொறுப்பைத் தன் நிபந்தனைகளில் மாற்றி வைத்திருக்கவும் கூடும். மூன்றாம் மாதமே அடி பிளந்தால் படம் எடுத்து, பில்லோடு அன்றே போங்கள். பில் அச்சு மங்கிவிடும், வாங்கிய அன்றே கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

இனி மிக முக்கியமானது. இணையக் கடைகளில் 'அவுஃப் ரெக்னுங்' என்று ஒரு தெரிவு இருக்கும், பொருள் முதலில், காசு பிறகு. போட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்ப வசதிதான். ஆனால் அந்தத் தாள் மேசையில் மறந்து கிடந்தால் 'மானுங்' என்ற நினைவூட்டல் கட்டணத்தோடு வரும், அதையும் விட்டால் 'பெட்ரைபுங்', அதாவது கடன் அறவிடும் அலுவலகப் பதிவு. வீடு வாடகைக்குக் கேட்கும்போது வீட்டுக்காரர் முதலில் கேட்பது அந்த அலுவலகத்தின் தாளைத்தான். 60 பிராங்க் சட்டைக்காக வீடு கிடைக்காமல் போன பெடியனை எனக்குத் தெரியும். கட்ட வேண்டிய நாளைக் கைபேசி நாட்காட்டியில் போடுங்கள், திருப்பி அனுப்பிய பொதிக்குத் தபாலகச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

படி 8: பராமரிப்பு

நனைந்த சப்பாத்தை ஹீற்றர் மேல் வைக்காதீர்கள், தோல் வெடிக்கும், ஒட்டிய அடி கழரும். உள்ளே பத்திரிகைத் தாளைச் சுருட்டித் திணித்து, இரண்டு மணி நேரத்தில் தாளை மாற்றி, ஓர் இரவு விடுங்கள். தெருவில் தூவும் உப்பு தோலில் வெள்ளைக் கோடாகப் படியும், ஈரத் துணியால் அன்றே துடைத்துக் காய்ந்த பிறகு மெழுகு பூசுங்கள்.

போட முடியாமல் போனவற்றைக் குப்பைப் பையில் போட வேண்டாம், அந்தப் பைக்கே காசு. ஊரில் பழைய உடுப்புச் சேர்க்கும் டெக்ஸ்எய்ட் பெட்டிகள் நிற்கும், தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து 1978இல் தொடங்கியது. கழுவிய உடுப்பைப் பையில் கட்டிப் போடுங்கள். சப்பாத்து என்றால் இரண்டையும் நாடாவால் ஒன்றாக முடிந்து போடுங்கள், தனியாக விழுந்த ஒற்றைச் சப்பாத்து யார் காலுக்கும் ஆகாது.